பார்சல் தாமதமும் பணம் திருப்பித் தருதலும்

மாமல்லபுரத்துக் கற்சிற்பத் தொழிலின் பெருமையை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் அங்கே சிற்பப் பயிற்சிக்கென ஒரு நிலையத்தை ஏற்படுத்தியது. அதுவே வளர்ந்து இன்று அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கல்லூரியாக விளங்குகிறது. 2015-ல் உலகக் கைவினைக் குழு அவ்வூரைக் கற்சிற்பத்துக்குரிய உலகக் கைவினை நகரமாக ஏற்றுக்கொண்டது. 2017-ல் மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

முன்பெல்லாம் சிலை வாங்குவோர் பட்டறைக்கோ கடைக்கோ நேரில் வந்தனர். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, விலை பேசி, பணம் கொடுத்துக் கையோடு எடுத்துச் சென்றனர். வியாபாரம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. இப்போது நிலைமை வேறு. செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்தவர்களும் படித்த இளைஞர்களும் சிற்பிகளிடம் சிறு சிலைகளை விலைக்கு வாங்கி, வாட்ஸ்அப் மூலமாகவும் இணையச் சந்தைகள் மூலமாகவும் வெளியூர்களுக்கு விற்க முற்பட்டுள்ளனர். செக்கெண்ணெய், சிறுதானிய மாவு, கருவாடு முதலியவற்றையும் இவ்வாறே விற்கலாம். இவர்களை மறுவிற்பனையாளர் என்று அழைக்கிறோம்.

இத்தொழிலில் விற்பதைக் காட்டிலும் கடினமான காரியங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பார்சல் குறித்த நாளில் போய்ச் சேராதபோது என்ன செய்வது என்பது. மற்றொன்று, வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது எவ்வாறு நடந்துகொள்வது என்பது. குழுக் கடனில் தொடங்கிய ஒரு சிறு வியாபாரம் நிலைப்பதும் குலைவதும் இவ்விரண்டையும் பொறுத்தே அமைகின்றன. ஆகவே இவற்றைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இடையில் நிற்பவரின் பொறுப்பு

நம் முன்னோர் வி.பி. தபாலை நன்கு அறிவார்கள். 1877-ல் இந்நாட்டில் தொடங்கிய அந்த முறையில், தபால்காரர் பார்சலை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே பணம் கொடுத்தால் போதும். ஊர் பேர் தெரியாத வியாபாரியிடம் பணத்தை முன்கூட்டிக் கொடுக்க வேண்டிய அச்சம் வாங்குவோருக்கு இல்லை. இன்று யு.பி.ஐ. மூலம் நடைபெறும் நேரடி விற்பனையில் பெரும்பாலும் பணம் முன்னதாகவே வந்துவிடுகிறது. பொருள் பின்னால் போகிறது. இடைப்பட்ட நாட்களில் வாங்கியவரிடம் இருப்பது விற்றவரின் வாக்கு ஒன்றே. அந்நாட்களில் அவருக்கு உண்டாகும் கவலையை நீக்குவது விற்றவரின் கடமை.

'சிற்பி இன்னும் முடித்துத் தரவில்லை', 'கூரியர்காரர் தாமதம் செய்துவிட்டார்' என்று மறுவிற்பனையாளர் சிலர் பதில் கூறுவதுண்டு. இவை உண்மையாகவே இருக்கலாம். எனினும் வாங்கியவர் பணம் கொடுத்தது சிற்பியிடமும் அல்ல, கூரியர்காரரிடமும் அல்ல. கூரியர் நிறுவனத்தோடு நமக்குள்ள வழக்கு வேறு. வாங்கியவருக்கு நாம் பட்டுள்ள கடன் வேறு. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்துக்கொள்வதே இத்தொழிலின் முதல் பாடம்.

தாமதம் எங்கே உண்டாகிறது?

தாமதம் மூன்று இடங்களில் உண்டாகிறது. முதலாவது பட்டறை. மாக்கல்லில் செய்யும் சிறு சிலை விரைவில் முடியும். கருங்கல் வேலைக்கு நாட்கள் கூடுதலாகும். கல்லில் கீறல் தென்பட்டால் மறுபடியும் புதிதாகத் தொடங்க வேண்டும். இரண்டாவது, கட்டுமானமும் முகவரியும். ஆறு இலக்க அஞ்சல் எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பார்சல் வேறு ஊரைச் சுற்றி வரும். ஆதலால் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வாங்குவோருக்கே ஒருமுறை திருப்பி அனுப்பி, 'சரி' என்ற பதிலைப் பெற்ற பிறகே பெட்டியின்மேல் எழுத வேண்டும்.

மூன்றாவது பாதை. இங்குதான் நம் கடற்கரைக்கே உரிய சங்கடம் ஒன்று உள்ளது. நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ் ஆகிய பண்டிகைகளை ஒட்டி விற்பனை பெருகும் மாதங்கள் எவையோ, அவையே வடகிழக்குப் பருவமழை மாதங்களும் ஆகும். 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகிலேயே கரையைக் கடந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையால் சென்னை நகரம் வெள்ளத்தில் மூழ்கி, விமான நிலையமும் மூடப்பட்டது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலின்போது அவ்விமான நிலையம் மறுபடியும் மூடப்பட்டது. நம் பார்சல்கள் பெரும்பாலும் சென்னை வழியாகவே வெளி மாநிலங்களுக்குச் செல்கின்றன. அங்கே ஒரு நாள் தடைபட்டால், தேங்கிய மூட்டைகள் கலைந்து செல்ல மேலும் பல நாட்கள் ஆகும்.

வாக்குக் கொடுக்கும் முறை

தாமதத்தைக் குறைக்கும் வழிகளுள் சிறந்தது, தொடக்கத்திலேயே சரியான நாளைச் சொல்வதாகும். சிற்பிக்கு 5 நாள், கட்டுவதற்கு 1 நாள், பாதைக்கு 5 நாள் என்றால் மொத்தம் 11 நாள். வாங்குவோரை மகிழ்விக்க '7 நாளில் வரும்' என்று சொல்லிவிட்டுப் பின்னர் நான்கு நாள் சமாதானம் சொல்வது விவேகமன்று. '14 நாளுக்குள் வரும்' என்று சொல்லி 11-ஆம் நாளில் சேர்ப்பித்தால் அதே பார்சல் நல்ல பெயரைக் கொண்டுவரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னும் சில நாட்களைச் சேர்த்துச் சொல்வது நலம்.

'எந்த நாளுக்கு இது வேண்டும்?' என்ற கேள்வியையும் தவறாது கேட்க வேண்டும். புதுமனை புகுவிழாவுக்கு வாங்கும் பிள்ளையாருக்கு முகூர்த்த நாள் உண்டு. கொலுவுக்கு வாங்கும் சிலை விஜயதசமிக்குப் பின் வந்து சேர்ந்தால் அடுத்த ஆண்டுவரை பெட்டியில்தான் இருக்கும். அந்த நாளுக்குள் சேர்ப்பிக்க இயலாது என்று தெரிந்தால் ஆர்டரை ஏற்காமல் இருப்பதே மேல்.

தாமதம் தெரிந்தவுடன்

பார்சல் நின்றுவிட்டது என்பதைக் கண்காணிப்பு எண்ணின் மூலம் வாங்கியவருக்கு முன்பாகவே நாம் அறிந்துகொள்ள முடியும். வாரம் இருமுறையாவது எல்லா எண்களையும் பார்ப்பதற்குக் குழுவில் ஒருவரை நியமித்தல் வேண்டும். உள்நாட்டுப் பதிவு அஞ்சல் 2025-ல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது; விரைவு அஞ்சலுக்குரிய பதின்மூன்று எழுத்தும் இலக்கமும் கொண்ட எண்ணைக் கொண்டு பார்சல் எங்குள்ளது என்று அறியலாம்.

தாமதம் என்று தெரிந்த அன்றே வாங்கியவருக்கு எழுதிவிட வேண்டும். அச்செய்தியில் பொருள் என்று கொடுக்கப்பட்டது, எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது, எப்போது சேரலாம், மறுபடியும் நாம் எப்போது எழுதுவோம், அவருக்குள்ள உரிமை என்ன என்ற ஆறும் இருக்க வேண்டும். மாதிரி ஒன்று பின்வருமாறு:

'ஐயா, தாங்கள் வாங்கிய பிள்ளையார் சிலை 7-ஆம் தேதி விரைவு அஞ்சலில் சேர்க்கப்பட்டது. அதன் எண்ணை ஏற்கெனவே அனுப்பியுள்ளோம். புயல் மழையின் காரணமாகப் பார்சல் சென்னையில் நிற்கிறது. 16-ஆம் தேதிக்குள் தங்களிடம் சேரும் என எதிர்பார்க்கிறோம். 13-ஆம் தேதி மாலை நிலைமையை மறுபடியும் தெரிவிப்போம். அதுவரை காத்திருக்க இயலாதெனில் தெரிவியுங்கள்; பார்சலை வாங்காமல் திருப்பிவிட்டால் போதும், முழுப் பணத்தையும் அனுப்பிவிடுகிறோம்.'

13-ஆம் தேதி எழுதுவதாகச் சொன்னால் அன்று எழுதியே ஆக வேண்டும். புதிய செய்தி ஏதும் இல்லாவிடினும், 'இன்னும் சென்னையிலேயே உள்ளது' என்று ஒரு வரி எழுதலாம். பதில் வராத இரண்டு நாள், தாமதமான பத்து நாளைவிட வாங்கியவருக்கு அதிக ஐயத்தை உண்டாக்கும்.

பார்சல் பல நாட்கள் ஒரே இடத்தில் அசையாதிருந்தால் தபால் அலுவலகத்திலோ கூரியர் நிறுவனத்திலோ எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் எண்ணைப் பெற வேண்டும். தொலைந்துவிட்டது என்று முடிவானால், நிறுவனம் ஈட்டுத் தொகை கொடுக்கும்வரை வாங்கியவரைக் காக்க வைக்கலாகாது. வேறு சிலை அனுப்புதல், பணம் திருப்புதல் ஆகிய இரண்டில் எது வேண்டுமென்று அவரையே கேட்டு நிறைவேற்ற வேண்டும்.

சட்டம் கூறுவது யாது?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மின்னணு வணிக விதிகள் 2020 ஜூலை மாதம் வெளியிடப்பட்டன. இணையச் சந்தையில் விற்பவர்களுக்கு உரிய 6-வது விதி நமக்கு முக்கியமானது. பொருள் குறையுடையதாகவோ போலியாகவோ இருந்தாலும், விளம்பரத்தில் சொன்ன தன்மையில் இல்லாவிட்டாலும், சொன்ன காலம் கடந்து வந்தாலும், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பவோ விற்பவர் மறுக்கக் கூடாது. மனித சக்திக்கு மீறிய காரணத்தால் நேர்ந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

இந்த விலக்கைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 7-ஆம் தேதி பார்சலைக் கொடுத்துவிட்டு 9-ஆம் தேதி புயல் வந்தால் அந்தக் காரணம் பொருந்தும். 1-ஆம் தேதி அனுப்புவதாகச் சொல்லி, 9-ஆம் தேதிவரை பட்டறையிலேயே வைத்திருந்துவிட்டுப் புயலின்மேல் பழி போடுவது பொருந்தாது. மேலும், இவ்விலக்கு தாமதத்துக்கு மட்டுமே உரியது; சிலை உடைந்து போய்ச் சேர்ந்தால் புயலைக் காரணம் காட்டித் தப்ப இயலாது. பார்சல் கொடுத்த ரசீதும், வானிலை எச்சரிக்கையும், போக்குவரத்துத் தடை பற்றிய நிறுவனத்தின் அறிவிப்பும் நம் கையில் இருந்தால்தான் காரணத்தை நிரூபிக்க முடியும்.

வாட்ஸ்அப் மூலம் நேரடியாக விற்போருக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், ரசீதில் குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பாமல் இருப்பதும் நேர்மையற்ற வியாபார முறை என்று அச்சட்டம் சொல்கிறது. ரசீதில் காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள் என்று கொள்ளப்படும். ரசீது கொடாமல் விற்பதும் அவ்வகையில் சேரும். டெல்லியில் வசிப்பவர் டெல்லியிலேயே மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமும் இல்லை. கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ உள்ள ஒரு குழு, 1,200 ரூபாய் சிலைக்காக அங்கே போய் நிற்பது எத்தகைய சங்கடம் என்பதைச் சிந்தித்தால், விவாதத்தைவிடத் தீர்வே மலிவானது என்பது விளங்கும்.

பொருள் நன்றாக இருந்து, காலத்தில் சேர்ந்து, 'மனம் மாறிவிட்டது' என்று மட்டும் சொல்லிப் பணம் கேட்டால், நாம் முன்பே அறிவித்த நிபந்தனைப்படி முடிவு செய்யலாம். அந்நிபந்தனை விற்பனைக்கு முன்பே வாங்குவோர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். திருப்பி அனுப்பும் கூலி யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். பெயர் பொறித்துச் செய்த பொருளை மனமாற்றத்துக்காகத் திரும்பப் பெற இயலாது என்று குறிப்பிடுவது நியாயமே.

கணக்குப் பார்ப்போம்

ஒரு மாக்கல் சிலையைச் சிற்பியிடம் 800 ரூபாய்க்கு வாங்கி, தபால் கூலி உட்பட 1,200 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்கும் கட்டுமானத்துக்கும் 50, தபாலுக்கு 150 போனால் மிச்சம் 200 ரூபாய். சிலை முழுதாகத் திரும்பி வந்து, அந்தக் கூலியையும் நாமே ஏற்றால் 350 ரூபாய் நஷ்டம். ஆனால் சிலை நம்மிடம் இருக்கிறது. சிலை உடைந்துவிட்டால் 1,000 ரூபாய் நஷ்டம். அதாவது ஐந்து சிலைகளை விற்ற லாபம் போய்விடும். உடைந்த கல்லை வரவழைத்து மேலும் 150 ரூபாய் செலவிடுவதில் பயனில்லை. புகைப்படமும் வீடியோவும் போதும். விளிம்பில் சிறிது சிதைந்திருந்து, வாங்கியவர் அதை வைத்துக்கொள்ளச் சம்மதித்தால், விலையில் ஒரு பகுதியைக் குறைத்துத் தருவது இருவருக்கும் நன்மையாகும். எண்ணெய், மாவு, கருவாடு போன்றவற்றைத் திரும்பப் பெற்று மறுபடியும் விற்கக் கூடாது; படத்தைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

இந்த நஷ்டத்துக்காகச் சிலை ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் தனியாக ஒதுக்கி வைத்தால், 25 சிலைகள் விற்றதும் 1,000 ரூபாய் சேரும். ஒன்று உடைந்தாலும் குழுவின் கடன் தவணைக்குக் கை வைக்க நேராது. சிற்பியின் கூலியிலிருந்து இதைப் பிடிப்பது நீதியன்று. கல்லில் மறைந்திருந்த கீறல் அவர் பொறுப்பு; கட்டுமானக் குறை நம் பொறுப்பு; பாதையில் நேர்ந்தது கூரியர் நிறுவனத்திடம் நாம் கேட்க வேண்டியது. இதைச் சிற்பியோடு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு நேராது.

உடைசலைத் தடுக்க, பிள்ளையாரின் துதிக்கை, கண்ணனின் புல்லாங்குழல் போன்ற மெல்லிய பகுதிகளைத் தனியே பபுள் ஷீட்டில் சுற்றி, பெட்டிக்குள் பெட்டியாகக் கட்ட வேண்டும். குலுக்கினால் உள்ளே அசையும் ஓசை கேட்கக் கூடாது. மூடுவதற்கு முன் சிலையின் நாற்புறமும், மூடிய பின் பெட்டியையும் படம் எடுத்து வைக்க வேண்டும். பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுக்குமாறும், வெளிப்பெட்டியை எறிந்துவிட வேண்டாமென்றும் வாங்கியவரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம். கூரியர் நிறுவனங்கள் உடைசல் கோரிக்கையைக் குறித்த சில நாட்களுக்குள்தான் ஏற்பது வழக்கம். அந்தக் கெடுவைப் பார்சல் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நலம்.

பணம் திருப்பும்போது எச்சரிக்கை

பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே திரும்ப வேண்டும். இணையச் சந்தை மூலம் விற்ற பொருளுக்குச் சந்தையின் மூலமே பணம் திருப்ப வேண்டும். வாங்கியவர் தனியே தொலைபேசியில் கேட்டார் என்று அனுப்பினால் இருமுறை கொடுக்க நேரிடும். 'பணம் அனுப்பினேன்' என்று காட்டும் படத்தை நம்பலாகாது. நம் வங்கிக் கணக்கில் வரவு இருக்கிறதா என்று பார்த்த பின்பே பேச வேண்டும். வாங்கியவர் கணக்கில் கழிந்து, யு.பி.ஐ. வழியாக விற்பவருக்கு வந்து சேராத பணத்தை வங்கியே ஐந்து நாளுக்குள் அவர் கணக்கில் திரும்ப வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-ல் ஆணையிட்டுள்ளது. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடும் உண்டு. நம்மிடம் வராத பணத்தை நாம் கொடுக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண்ணை இடவோ, கட்டத்தை ஸ்கேன் செய்யவோ தேவையில்லை. அவ்வாறு செய்யச் சொல்பவர் நம் பணத்தைப் பறிக்க வந்தவர். ஏமாந்துவிட்டால் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பணம் திருப்பியவுடன் தேதியையும் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் வாங்கியவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். ஆர்டர் தேதி, வாக்களித்த தேதி, அனுப்பிய தேதி, கண்காணிப்பு எண், சேர்ந்த தேதி, புகார், பதில், பணம் திருப்பிய விவரம் ஆகிய எட்டுக் கலங்கள் கொண்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாத முடிவில் அதைப் பார்த்தால் தாமதம் பட்டறையிலா, கட்டுமிடத்திலா, பாதையிலா என்பது தானே தெரிந்துவிடும்.

பஞ்சாயத்துகள் செய்யத் தக்கவை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் பல வகையிலும் உதவலாம். மழைக் காலத்தில் நனையாத ஒரு பொது இடத்தைப் பார்சல் கட்டுவதற்கு ஒதுக்கலாம். பல குழுக்களின் பார்சல்களை ஒரே நேரத்தில் சேர்த்தால் தபால் அலுவலகத்தோடு ஏற்பாடு செய்வது எளிதாகும். புயல் எச்சரிக்கை வரும்போது மீனவர்களுக்கு அறிவிப்பதுபோல், விற்பனைக் குழுக்களுக்கும் 'இன்றே பார்சலைக் கொடுங்கள், அல்லது வாங்கியவருக்கு எழுதுங்கள்' என்று அறிவிக்கலாம். 1983-ல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் மாவட்ட அலுவலர்களை அழைத்துக் குழுக்களுக்குப் பயிற்சியும் அளிக்கச் செய்யலாம்.

மாமல்லபுரத்திலிருந்து ஒரு சிலை வெளியூர் போகும்போது அதைச் செதுக்கிய சிற்பியின் உழைப்பும், அனுப்பிய பெண்களின் சேமிப்பும், நம் கடற்கரையின் நற்பெயரும் அதோடு போகின்றன. மழையையும் புயலையும் தடுக்கும் ஆற்றல் நமக்கில்லை. சொன்ன நாளில் எழுதுவதும், தர வேண்டிய பணத்தைத் தயங்காமல் தருவதும் நம் கையில் உள்ளவை. அவற்றை ஒழுங்காகச் செய்து வரும் குழுவிடம், ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் தேடி வருவார் என்பது திண்ணம்.